மகள் வண்டிக்கு ஒரு காற்று பம்ப்

மார்ச் 4, செவ்வாய்

மகள் இன்று தாமதமாக வந்தாள். முகமே சரியில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, கெட்டுப்போவதற்குள் லேபில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அவளுக்கு. குடோன்கள் இருக்கிற வெளிச்சாலையில் பைக்கின் பின்டயரில் காற்று இறங்கிவிட்டது. எவனோ காரை நிறுத்தி, "ஏறு, கொண்டுபோய் விடறேன்" என்றானாம். வேண்டாம் என்றதும் போனவன் திரும்பி வந்தான். மறுபடியும் வந்தான். தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் கூடவே நின்றதால்தான் ஒழிந்தான்.

இதை என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மார்ச் 5

"வேலையை விட்டுடும்மா" என்றேன்.

"எதுக்கு? டயர்ல காத்து எறங்குனதுக்கா?"

அவளே மேலே சொன்னாள்:

"ஏதாவது செஞ்சே ஆகணும்னா, கையோட கொண்டுபோற மாதிரி காத்தடிக்கிற பம்ப் ஒண்ணு வாங்கிக் குடுப்பா. அறிவுரை மட்டும் வேண்டாம், சாமி."

மார்ச் 8, சனி

பம்ப் வாங்கப் போய்த் தலை சுற்றிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் நான். மனுஷனை மேலே ஏற்றி இறக்கத் தெரியும். பைக் ஓட்டக்கூடத் தெரியாது. கடைக்காரர் நாலு விதத்தை எடுத்து வைத்தார். காலால் மிதிப்பது. பைக் பேட்டரியில் வயரை மாட்டுவது. சின்ன கேஸ் குப்பி — ஒரு தடவைதான், தீர்ந்தால் தீர்ந்தது. சார்ஜ் போட்டு வைத்துக்கொள்வது.

"சார், உங்களுக்கு எது முக்கியம்?" என்றார்.

அவள் அந்த ரோட்டில் நிற்கவே கூடாது என்பதுதான் முக்கியம். அதற்கு எந்தக் கடையில் என்ன விற்கிறார்கள்? மிதித்துக்கொண்டு நின்றால் நேரமாகும். வயரென்றால் சீட்டைக் கழற்ற வேண்டும், முதுகைக் காட்டிக் குனிய வேண்டும். அந்தக் கார்தான் கண்ணுக்குள் வந்தது. சார்ஜ் பம்ப்பையே எடுத்தேன். எவ்வளவு காற்று என்று நம்பரை வைத்துப் பட்டனை அமுக்கினால் போதும், நிரம்பியதும் தானாக நின்றுவிடும்.

மார்ச் 9

ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் அவள் வண்டிப் பெட்டியில் வைத்தேன். "அப்பாவே கூட வர்ற மாதிரி இருக்கு, இதுக்கும் வாய் இருந்தா எங்க போறேன்னு கேக்கும்" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள்.

மார்ச் 12

எங்கள் தொழிலில் காலையில் லிஃப்டை ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஆளை ஏற்றுவோம். முந்தாநாளிலிருந்து இதையும் அப்படித்தான் பார்க்கிறேன். அவள் எழுவதற்கு முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, பம்ப்பை வைத்து ஏற்றி, துடைத்து, பழையபடி வைத்துவிடுகிறேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "டயருக்கு மூச்சுப் பயிற்சியா?" என்றாள். கிண்டல் பண்ணட்டும். ஒருநாள் பார்க்காமல் விட்டால் அன்றைக்கு வேலையே ஓட மாட்டேன் என்கிறது.

மார்ச் 14

இன்றும் ஓட்டினேன். நன்றாக ஓடுகிறது. நிம்மதி.

மார்ச் 18, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை.

லிஃப்ட் கூண்டின் கூரை மேல் உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். மகளிடமிருந்து போன்.

"அப்பா, ஆணி குத்திடுச்சு. காத்து மெதுவாத்தான் எறங்குது, கொஞ்சம் ஏத்திட்டா பஞ்சர் கடை வரைக்கும் போயிடுவேன். ஆனா பம்ப் ஆன் ஆகல. செவப்பு லைட்டு எரிஞ்சு அணைஞ்சிடுது. சார்ஜ் போட்டியா இல்லையா?"

"போட்டேனே... வாங்குன அன்னிக்கே."

"அப்புறம் நான் தொடவே இல்லையே?"

நான் தொட்டேன். தினமும் தொட்டேன். லிஃப்டுக்குக் கரண்ட் கம்பியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இதற்கு எங்கிருந்து வரும்? இது கூடவா தெரியாது எனக்கு? மடையா, மடையா.

"போனை வைக்காதம்மா, பேசிட்டே இரு" என்றேன். "பேசிட்டே வண்டியத் தள்ள முடியாதுப்பா" என்று வைத்துவிட்டாள். கூரை மேலேயே உட்கார்ந்திருந்தேன். கிரீஸ் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு — வேறு என்ன செய்ய?

நல்லபடியாக வந்துவிட்டாள். தள்ளியே கடைக்குப் போயிருக்கிறாள். யாரும் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் வெயிலில் ரத்தமெல்லாம் கெட்டுவிட்டது. வந்ததும் உண்மையைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அதுல ஒரு சின்னப் புள்ளையோடது இருந்துச்சுப்பா. நரம்பே கெடைக்காம ரெண்டு கையிலயும் குத்தித்தான் எடுத்தேன். நாளைக்கு மறுபடியும் அதே புள்ளையக் குத்தணும்."



மார்ச் 19

அந்தப் பிள்ளை வீட்டுக்கு மறுபடியும் போக விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

வயர் மாட்டுகிற பம்ப்பை அவளே வாங்கி வந்தாள். "சீட்டைக் கழட்டணுமே" என்று ஆரம்பித்தேன். "கழட்டுவேன்" என்றாள். வண்டிப் பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டாள். பழைய பம்ப்பை என் கையில் கொடுத்தாள். கோபமில்லாமல்தான் கொடுத்தாள், அதுதான் தாங்கவில்லை.

"இத நீயே வச்சுக்கோப்பா. பயமா இருந்தா இத ஓட்டிப் பாரு. என் வண்டியத் தொடாத."

ஏப்ரல் 2

குடோன்கள் பக்கம் இன்னும் சில வீடுகளை அவளுக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்களாம். சரிம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

காலையில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் வெளியே போகவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, ராத்திரி சார்ஜ் போட்டு வைத்த பம்ப்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது.