சுண்டல் சாப்பிட்ட எல்லாரும்

இன்று அமாவாசை. காலையில் மருந்து அறைக் கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைக்கும் செல்வி அக்கா ஃபிரிட்ஜ் கதவில் விபூதிப் பட்டை அடித்து, நடுவில் குங்குமம் வைத்து, கைப்பிடியில் ஒரு துண்டுக் கதம்பத்தைச் சொருகியிருந்தார். வெளியே மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசை ஸ்பெஷல் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தன. நான் முதலில் சுவரில் இருக்கும் பிளக்கைப் பார்த்தேன். மாட்டித்தான் இருந்தது. உள்ளே ஐந்து டிகிரி. அதன் பிறகுதான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீ இருந்திருந்தால், "சாமிய விட உனக்கு பிளக் மேலதான்டி பக்தி" என்று சொல்லியிருப்பாய்.

நம் இருவரையும் அந்த வகுப்பில் சேர்த்துவிட்டவர் டாக்டரம்மா. சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிதான் நம்முடையது, அதற்கு இரண்டு நர்சுகள் படித்து வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறோம் என்றுதான் எனக்கு இருந்தது. நோயாளிப் பாதுகாப்பும் சுற்றுச்சூழல் தரவு ஆய்வும் என்று வகுப்புக்குப் பெயர். "பேரைப் படிக்கறதுக்கே மூச்சு வாங்குது, இதுல பாஸ் வேற பண்ணணுமா?" என்றாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் பாடம். உன் வீட்டில் டிவி சத்தம், என் வீட்டில் பிள்ளைகள் சத்தம். கடைசியில் செஞ்சிக் கோட்டை அடிவாரத்துப் புளியமர நிழலுக்குப் போய் உட்கார்ந்தோம். குரங்கு ஒன்று உன் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மைக்கை மூட மறந்துவிட்டு நீ அதைத் திட்டிய திட்டு வகுப்பு முழுக்கக் கேட்டது. சென்னையிலிருந்து பாடம் நடத்திக்கொண்டிருந்த சார், "யாரும்மா அது, குரங்கோட சண்டை?" என்று கேட்டார்.

அந்த சார் சொன்னவற்றில் உனக்குப் பிடித்துப்போனது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் ஒரு தவறு நடந்தால் யார் செய்தது என்று ஆரம்பிக்கக் கூடாது, எப்படி நடந்தது என்று ஆரம்பிக்க வேண்டும். "யாருன்னு கேக்காத, எப்படின்னு கேளு" என்று அதை நீ சுருக்கிக்கொண்டாய். பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். வீட்டில் பால் பொங்கி வழிந்தபோது மாமியாரிடம் போய், "யாரு பாக்காம வுட்டதுன்னு கேக்காதீங்க அத்தை, எப்படிப் பொங்குச்சுன்னு கேளுங்க" என்றாயாம். அன்று முழுக்க அவர் உன்னோடு பேசவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

பனமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் பிரசவத்துக்குப் பிறகு நமக்கு அது விளையாட்டாக இல்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அவளுக்கு ரத்தப்போக்குதான் நிற்கவில்லை. வழக்கமாகப் போடும் ஊசியைப் போட்டோம், கேட்கவில்லை. டாக்டரம்மா தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினார். ஆம்புலன்சில் நீதான் கூடப் போனாய். அவள் பிழைத்துக்கொண்டாள். நீ திரும்பி வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல், ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாய். "மருந்து சூடு பட்டிருக்குமோடி?" என்று கேட்டாய். அந்த ஊசி மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீரியம் குறையும். அன்று குறைந்திருந்ததா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீ கேட்டுவிட்டாய், அதோடு நம் நிம்மதி போயிற்று.

வகுப்புக்காக ஏதாவது ஒன்றை அளந்து காட்ட வேண்டியிருந்தது. வெப்பத்தைத் தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கி, மருந்துகளோடு ஃபிரிட்ஜுக்குள் வைத்தோம். சில மாதம் கழித்து அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வெப்பக் கோடு அமைதியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, திடீரென்று ஒருநாள் மேலே ஏறி இறங்குகிறது. பிறகு மறுபடி அமைதி, மறுபடி ஓர் ஏற்றம். கரண்ட் போன நாளா என்று பார்த்தோம், இல்லை. குறிப்பிட்ட கிழமையா, அதுவும் இல்லை. தேதியும் ஒத்துவரவில்லை. ஒரு மாதம் ஆரம்பத்தில், இன்னொரு மாதம் கடைசியில். பெட்டியில்தான் கோளாறு, அந்த எண்களைத் தூக்கிவிடலாம் என்றேன். "இருடி, அவசரப்படாத. அன்னிக்கி இன்னா நடந்ததுன்னு தெரியாம தூக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரில்ல" என்றாய்.

அதைக் கண்டுபிடித்தது உன் படிப்பு இல்லை, உன் லீவு ஆசை. மலையனூருக்குப் போக டூட்டி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அடுத்த அமாவாசையைத் தேடிக்கொண்டிருந்தாய். திடீரென்று காகிதம் புரட்டும் சத்தம் நின்றது. "ஏய், இங்க வாடி" என்றாய். அமாவாசைக்கான கறுப்பு வட்டம் போட்ட அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "கோடு எப்பல்லாம் ஏறுச்சு, சொல்லு." நான் ஒவ்வொரு தேதியாகச் சொல்ல, நீ பழைய காலண்டர் அட்டவணையில் ஒவ்வொன்றாக விரலை வைத்தாய். எல்லாம் கறுப்பு வட்டம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது! மாதாமாதம் நம் கண் முன்னால் நடப்பதுதானே. அமாவாசை அன்று செல்வி அக்கா மருந்து அறையைக் கழுவுவார். ஈரக் கையில் ஷாக் அடிக்கும் என்று ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவார். மருந்துகளையெல்லாம் எவர்சில்வர் தட்டில் எடுத்து கிழக்கு ஜன்னலோரம் வைப்பார். செஞ்சி வெயில் அந்தச் சுவரில் இறங்கினால் உட்கார்ந்து பேச முடியாது, அங்கேதான் மருந்து இருக்கும். ஃபிரிட்ஜைத் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, ஈரம் காயட்டும் என்று மதியம் வரை விட்டுவிடுவார். நமக்கெல்லாம் தொன்னையில் கொண்டைக்கடலைச் சுண்டல் வரும். அந்த வெள்ளைப் பெட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்து, "பெட்டியையும் சாமியாக்கிட்டியாக்கா" என்று சிரித்தவர்கள் நாம் இருவரும்தான்.

வகுப்பில் காட்டுவதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் செல்வி அக்கா வேலை போய்விடும் என்று எனக்குப் பயம். புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர் அவர். சொல்லாவிட்டால் அடுத்த அமாவாசைக்கு அடுத்து எந்தப் பெண் வந்து படுப்பாளோ. நீ மட்டும் தெளிவாக இருந்தாய். "ரெண்டு பேரும் பொழைக்கணும்டி. புள்ள பெக்க வர்றவளும் பொழைக்கணும், அக்காவும் பொழைக்கணும்" என்றாய்.

இருவரும் போய்ச் சொன்னோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் கோட்டைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "யாரு பிளக்கைப் புடுங்கினது?" என்றார். கதவோரம் துடைப்பத்தோடு நின்ற செல்வி அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தார். நீ எழுந்தாய்.

"நாங்க எல்லாரும்தான் மேடம்" என்றாய்.

"எல்லாருமா? எத்தனை பேரும்மா ஒரு பிளக்கைப் புடுங்குவீங்க?"

"சுண்டல் சாப்ட்ட எல்லாரும்தான் மேடம். பிளக்கு கீழ தொங்கறதைப் பாத்துக்கிட்டேதான சாப்ட்டோம். ஒருத்தரும் இன்னான்னு கேக்கல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப நானும்தான்" என்றார். "போன மாசம் ரெண்டு தொன்னை சாப்ட்டேன்." செல்வி அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பூஜையை நிறுத்த வேண்டாம் என்று முடிவானது. பொட்டு கதவுக்கு மட்டும். உள்ளே துடைக்க வேண்டும் என்றால் நர்ஸ் ஒருவர் மருந்துகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும். "சாமிக்கும் கரண்ட்டுக்கும் சண்டை இல்லாம பாத்துக்கறேன் சிஸ்டர்" என்றார் செல்வி அக்கா. அதன் பிறகு கோடு நேராகவே போகிறது. வகுப்பில் நம் கோட்டுப் படத்தைக் காட்டியபோது அந்த சார் உன்னை அடையாளம் கண்டுகொண்டு, "குரங்கு முறுக்கைத் திருப்பித் தந்ததா?" என்று கேட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் எழுத வேண்டும். அதுவும் ஓர் அமாவாசைதான். காலை டூட்டிக்கு நீ ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தாய். மலையனூர் ரோட்டுத் திருப்பத்தில் ஸ்பெஷல் பஸ் ஒன்று திரும்பியது. உன்னைக் காப்பாற்ற எங்கள் கையில் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

உன் காரியத்தன்று வந்தவர்கள் எல்லாரும் அந்த டிரைவரைத்தான் பேசினார்கள். நானும் பேசினேன். அவன் கை விளங்காமல் போகட்டும் என்று வாய்விட்டுச் சபித்தேன். அவன் உன்னைப் பார்க்கவே இல்லை என்று போலீசில் சொன்னானாம். பட்டப்பகலில் ரோட்டில் வருகிறவளைப் பார்க்காமல் என்ன பிடுங்கிக்கொண்டிருந்தான் என்று எனக்கு ஆத்திரம். அந்த நேரத்தில் உன் குரல் காதில் கேட்டது. யாருன்னு கேக்காத, எப்படின்னு கேளு. உன் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. செத்தும் விடமாட்டாயா என்று அழுதேன்.

மறுநாள் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்தத் திருப்பத்துக்குப் போனேன். பஸ் வந்த பக்கமாகப் போய் நின்று பார்த்தோம். ரோடு தெரியவில்லை. காதுகுத்து பேனர் ஒன்று திருப்பம் முழுவதையும் மறைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஆளும் தெரியாது, வண்டியும் தெரியாது. பேனரின் நடுவில் இரண்டு குழந்தைகள், மேலே தாய்மாமன்கள், கீழே வரிசையாக வாழ்த்தும் நண்பர்கள். அந்த வரிசையில் கூலிங் கிளாஸ் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர்.

அவர் அதை அண்ணாந்து பார்த்தார். "என் மூஞ்சியும்தான் மறைச்சிருக்குது" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சவுக்குக் கழியில் ஏறி, கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். நான் கீழே நின்று பேனரைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையிலிருந்து வந்த இருவர், "இன்னாண்ணா, யாரு அவுக்கச் சொன்னது?" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் படங்களும் அதில் இருந்தன. நான் அதை விரலால் தொட்டுக் காட்டினேன். ஒருவர் மறுபக்கக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

ஊரில் பேனர் நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்தத் திருப்பத்தில் மட்டும் யாரும் வைப்பதில்லை. வைத்தால் என் வீட்டுக்காரர் போய் நிற்பார். அந்த டிரைவரை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது, அதை உன்னிடம் மறைக்க முடியாது. ஆனால் சபிப்பதை விட்டுவிட்டேன்.

இதோ, செல்வி அக்கா சுண்டல் கொண்டு வந்து வைத்துவிட்டார். பழக்கதோஷம், இரண்டு தொன்னை. எடுத்துப் போகச் சொல்ல மனம் வரவில்லை. பிளக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து, உன் பங்கையும் நானே சாப்பிடுகிறேன்.