கொற்றியை மறித்த முத்திரையை மீட்கும் ஓலை

மழை தவறாதிருக்க, திரு நிலைத்திருக்க. கொன்றைமூதூரில் வீற்றிருந்து எட்டுத் துறையும் பன்னிரு கோட்டமும் ஆளும் பெருந்திருவேள் கோமானின் பேரமைச்சர், நாவில் நடுவும் நெஞ்சில் பொறையும் உடைய நக்கன் அறவாழியார் திருமுன்பு, நாற்பது ஆண்டு வடவாயில் காத்து இப்போது அரண்மனை ஆட்டுப்பட்டி காக்கும் ஊழியன் கூத்தன் மருதாடி, கைகட்டி நின்று எழுதிக்கொண்ட விண்ணப்பம். கைகட்டி நின்றால் எழுத்தாணி பிடிக்க முடியாதாகையால் உட்கார்ந்தே எழுதினான், பொறுத்தருள்க. தங்கள் மனையில் நலமே விளைக. இவ்விடம் ஆடுகள் பதினொன்றும் நலம். ஊழியனுக்கு இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதன் காரணம் பின்னால் வரும்.

எழுத்து கோணலாயிருப்பதையும் பொறுக்க. ஓலைநாயகத்திடம் சொல்லி எழுதுவிக்கலாம்தான். சொல்வது ஒன்று, அவர் கீறுவது ஒன்று என்றால் ஊழியன் என்ன கண்டான்? வாயிலில் வருவோர் பெயரைக் கீறிக் கீறிப் பழகிய எழுத்தே இது.

இக்காலத்து மாந்தர் போக்கைச் சொல்லாமல் மேலே போக ஊழியனுக்கு மனம் வரவில்லை. நில் என்றால் ஏன் என்கிறார்கள். மூட்டையை அவிழ் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். முன்னாளில் மணமகன் ஊர்வலமே ஊழியன் முன் நின்று, கழுத்து மாலையை உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகும். இப்போது வாயில் காப்பவனே வேலைச் சுவரில் சாத்திவிட்டு, போங்கள் போங்கள் என்று கையை ஆட்டுகிறான். ஊழியன் யாரையும் நம்பாதவனாய் இருந்தபடியால்தான், சென்ற தை மாதம் தாங்கள் அவனை அழைத்து, அரசியார் காய்ச்சலில் கிடக்கிறார், பசும்பால் இளங்கோமகளின் வயிற்றுக்கு ஒவ்வவில்லை, மருத்துவர் அரையனார் வெள்ளாட்டுப் பால் விதித்திருக்கிறார், நாலு மாதக் குழந்தையின் உயிர் அந்தப் பாலில் இருக்கிறது, நம்பகமான காவல் வேண்டும் என்று பணித்தீர்கள். ஊழியன் மீசையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டான். ஆட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

மதம் பிடித்த யானையை வாயிலில் நிறுத்தியவன், கருங்காதி என்னும் ஒரு பெண்ணாட்டை நிறுத்த முடியாமல் பட்டியை மூன்று சுற்று ஓடினான். விடியலில் புழுக்கை கூட்டி முடிப்பதற்குள் கூட்டிய இடத்திலேயே மறுபடி கொட்டும். அகத்தித் தழையை உயரக் கட்டினால் தின்னும். அதே தழை தரையில் விழுந்தால், யாரோ எச்சில் பண்ணியது போல முகர்ந்துவிட்டுப் போகும். தொட்டி நீரில் ஒரு துரும்பு கிடந்தாலும் வாய் வைக்காது. ஆனால் ஊழியனின் தலைப்பாகையைத் தின்றது. தாங்கள் விடுத்த நியமன ஓலையையும் தின்றது. முத்திரையை மட்டும் துப்பிவிட்டது. ஆகவே ஊழியன் இப்பதவியில் இருப்பதற்கு இப்போது ஆடே சாட்சி.

கறக்கும் வேலை கொற்றியுடையது. வடவாயிலுக்கு வெளியே குடியிருப்பவள், தாய்வழியில் ஆடு வளர்த்தவள், பேச்சில் முள் உள்ளவள். அவள் நாளொன்றுக்கு ஆறு படி கறந்தாள். இளங்கோமகள் குடித்துத் தேறினாள். அவ்வாறு இருக்கையில், முல்லைக்கோட்டுச் சிற்றரசர் நட்பின் அடையாளமாக ஒரு கிடாயை விடுத்தார். தாடி முழங்கால் வரை; கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து முதுகைத் தொடும். அரசப் பரிசு ஆயிற்றே, வெளியே கட்டினால் எவனாவது அவிழ்த்துக்கொண்டு போவானே என்று, ஊழியன் அதைப் பட்டியின் உள்ளறையில், பால் கறக்கும் இடத்திலேயே கட்டி, தன் கட்டிலையும் அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

நாலாம் நாள் பால் திரும்பி வந்தது. நாறுகிறது, குழந்தை துப்புகிறது என்றார்கள். ஊழியனுக்கு உடனே விளங்கிவிட்டது: கொற்றி எதையோ கலக்கிறாள். அவள் கையை விரிக்கச் சொன்னான், மடியை உதறச் சொன்னான், கொண்டையை அவிழ்க்கச் சொன்னான். கறந்த குடத்தின் வாயைத் தானே கட்டிக் களிமண் முத்திரை வைத்தான். முத்திரை உடையாமல் போன குடமும் நாறிற்று. வேறொருவனாயிருந்தால் அங்கே யோசித்திருப்பான். ஊழியன், இவள் முத்திரையையும் ஏமாற்றும் கள்ளி என்று முடிவு கட்டினான்.

கொற்றி சொன்னதையும் மறைக்கக் கூடாது. கிடாயை ஒதுக்கிக் கட்டுங்கள் பெரியவரே, அதன் வாடை பாலில் ஏறுகிறது என்றாள். ஒதுக்கிக் கட்டினால் உன் அண்ணன் வந்து ஓட்டிக்கொண்டு போவதற்கா என்று ஊழியன் கேட்டான். தனக்கு அண்ணனே கிடையாது என்றாள். இல்லாத அண்ணனை மறைக்கிறாள் என்று அன்றே வாயிலில் தன் முத்திரை இட்டு, இவள் கோட்டைக்குள் புகலாகாது என்று மறித்தான்.

பின்பு தானே கறந்தான். முதல் நாள் கருங்காதி குடத்துக்குள் காலை வைத்தது. இரண்டாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டதும் ஊழியன் மணிக்கட்டில் வைத்தது. மடியை முற்றக் கறக்கத் தெரியாமல் பாதியில் விட்டதில் பால் வற்றி, ஆறு படி இரண்டு படியாயிற்று. அந்த இரண்டும் முன்னிலும் நாறிற்று. இளங்கோமகள் அழக்கூட வலுவின்றிச் சிணுங்குவதாகத் தாதி வந்து சொன்னபோது, ஊழியன் வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் சொன்னதைச் சோதிக்காமல் நம்பினான். தெருவில் அவன் நடந்தால் கூட்டம் இரண்டாய்ப் பிரிந்து வழிவிட்டது. ஆட்டுக்குப் போனாலும் மதிப்புக் குறையவில்லை என்று உள்ளூர மகிழ்ந்தான். மருத்துவர் அரையனார்தான் மேலாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பால் இருக்கட்டும், நீர் கடைசியாக எப்போது குளித்தீர் என்று கேட்டார்.

கொற்றி சொன்னது பொய்யென்று நிறுவவே, அதை நம்பி அல்ல, கிடாயைக் கொண்டுபோய் அகழிக்கு அப்பால் காற்றுப் போகும் திசையில் கட்டினான். திருட வருபவனைப் பிடிக்க எதிர்க்கரையில் இரண்டு பகல் உட்கார்ந்திருந்தான். வெயில் பொறாமல் அகழியில் இறங்கி நன்றாகக் குளித்தான். திருடன் வரவில்லை. மூன்றாம் நாள் காலைப் பால் அரண்மனைக்குப் போயிற்று. குழந்தை சொட்டு விடாமல் குடித்துவிட்டு இன்னும் வேண்டுமென்று அழுகிறது என்று செய்தி வந்தது. இன்னும் எங்கே இருக்கிறது? இருந்தது அந்த இரண்டு படிதான். ஆட்டு மடியை மீட்கும் கை இந்த ஊரில் ஒன்றே; அதை மறித்து நிற்பது ஊழியனின் முத்திரை.

எவன் முத்திரை ஒருவரை மறித்ததோ அவனே அவர் வாசலுக்கு நடந்துபோய் அதை உடைக்க வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். நாற்பது ஆண்டில் ஊழியன் ஒன்றையும் உடைத்ததில்லை. இன்று காலை போனான். கொற்றி முறத்தைக் கீழே வைக்கவில்லை. தானியத்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். ஊழியன் சொல்லி முடித்ததும், வாய்ச்சொல்லை நம்பி வர நான் என்ன பைத்தியமா, நாளைக்கே நீர் மாற்றிப் பேசுவீர், தவறு யாருடையது என்று பேரமைச்சருக்கு எழுதிக் காட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். அவ்வளவு நம்பிக்கையில்லாத பெண்ணை ஊழியன் கண்டதில்லை. அவளை வாயிற்காவலுக்கே வைத்திருக்கலாம்.

ஆகவே அவள் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறான்: பாலில் எவரும் ஒன்றும் கலக்கவில்லை. தவறு மருதாடி செய்தது. ஓலையின் வலப்பக்கம் கடித்திருப்பது கொற்றியின் வீட்டு ஆடு. அதற்கு ஊழியன் பொறுப்பல்லன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படித்துக் காட்டியபோது, அடுத்த வீட்டுத் தச்சரையும் கூப்பிட்டு ஒரு முறை படிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்துக்கொண்டாள்.

இனி, வடவாயில் முத்திரையின் பேரால் ஊழியன் இடும் கட்டளை, தாங்கள் உறுதி செய்தருள்க. இன்று மாலைக் கறவை முதல் பட்டியும் அதன் திறவுகோலும் கொற்றியுடையவை. அவள் வரும்போதும் போகும்போதும் வாயில் காப்போர் எவரும் அவள் கையை விரிக்கச் சொல்லலாகாது, மடியைச் சோதிக்கலாகாது, கொண்டையைத் தொடலாகாது. மீறுபவன் கருங்காதியை ஒரு திங்கள் கறக்கக் கடவன். இளங்கோமகள் நீடு வாழ்க. கொன்றைக்கொடி தாழாதிருக்க.

வாயிலிலிருந்து பெயர்த்து வந்த பழைய களிமண் முத்திரை அவள் வாசற்படியில் உடைபட்டது. புதியது இதன் கீழ் இடப்பட்டது. தச்சர் சாட்சி. திறவுகோலை முறத்தில் வைத்துவிட்டு ஊழியன் எழுந்து நடக்கிறான். ஓலையைத் தச்சர் கொண்டுவருவார். ஆனாலும் ஒன்று. காற்றோ, வாடையோ, எதுவாயினும் அந்தக் குடத்துக்குப் போக வேண்டுமானால் ஊழியன் காவல் இருந்த கதவைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அவன் கண்ணுக்குத் தப்பி ஒன்று போயிற்று என்பதை எழுதிக் கொடுத்துவிட்டான், மனம் ஒப்பவில்லை.