ஜன்னலோரம் மூன்று சாண்

பிரேமினி,

ரொட்டி சுட்டு மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குத் திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். நீயும் நிரஞ்சனும் ஹட்டனுக்குப் போய் அந்த இடுப்பளவு பிரிட்ஜை வாங்கி வாருங்கள்.

“இந்தக் குளிருல என் மருமகளுக்கு ஐஸ்கிரீம் கேக்குதாம்” என்று பீலியில் தண்ணீர் பிடித்தவர்களிடம் சொல்லிச் சிரித்தது நான்தான். பிள்ளைக்குத் தாய்ப்பால் எடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போகத்தான் நீ கேட்டாய் என்று பக்கத்துக் காம்பரா மீனம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. லயத்து வீடுகளின் கதையெல்லாம் தெரிந்த எனக்கு! முகம் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வாய்க்கே!

வீட்டில் இடமில்லை என்று நான் சொன்னதும் பொய். ஜன்னலோரம் என் நாற்காலி இருந்த இடம் மூன்று சாண் அகலம். அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்து எடு.

மாமி

நாற்காலியை வெளியே போட்டுவிட்டேன். லயத்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று இனி பிரிட்ஜ் பார்க்கட்டும்.