துருப்பிடித்த கொளுக்கிகள்

நேற்று உன் மகள் என் உள்ளங்கையில் ஒரு கொளுக்கியை வைத்தாள். உன் பிக்கப்பின் பின்தட்டில், கயிறு மாட்டுவதற்காக இருந்த கொளுக்கி. துருவும் பழைய ஒயிலும் கலந்த அந்த மணம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். லீவில் வந்தவள், அப்பாவின் வண்டியை ஓடவைத்துவிட்டுத்தான் வெளிநாட்டுக்குத் திரும்புவாளாம். பிடிவாதம் யாருடையது என்று உனக்கே தெரியும்.

“அங்கிள், இதில ரெண்டு குறையுது. இன்டர்நெட் முழுக்கத் தேடிட்டேன், இந்த மொடலுக்கு இப்படிக் கொளுக்கியே இல்லையாம். அப்பா எங்க எடுத்தவர்?”

வண்டியோடு வந்த சாமான் என்று இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள். நீ வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வண்டி என்று நீ பெருமை பேசுவாய். விட்டுவிட்டுப் போனதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும் என்று நான் சொல்வேன். எப்படியோ, யுத்த காலத்தில் எங்கள் குடும்பம் அந்த வண்டியில்தான் கொழும்பில் வீடு மாறி மாறி வெள்ளவத்தை ஒழுங்கைகளைச் சுற்றியது. வாடகைக்கு இருக்கும் தமிழரைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம்; ஒரு வீட்டுக்காரருக்கு அதற்கு மனமிராது. இன்னொருவருக்கு, ஊரிலிருந்து எங்களிடம் வரும் ஆட்களைக் கண்டால் பயம் வந்துவிடும். மூட்டையைக் கட்டு என்றால் கட்ட வேண்டியதுதான். முதல்தரம் நீ ஹயருக்கு வந்தாய். பிறகொருதரம் காசு வேண்டாம் என்றாய். அதற்குப் பிறகு அம்மா உனக்கும் சேர்த்துச் சமைத்துவைக்கத் தொடங்கினார்.

சாமான் ஏற்றுவதில் உனக்கு ஒரு முறை இருந்தது. அலுமாரியின் கதவு பின்பக்கம் பார்க்க வேண்டும், சாவி கதவிலேயே தொங்க வேண்டும். உடுப்பு மூட்டைகளை இறுக்கிக் கட்டக்கூடாது. மேலே மூடுகிற தறப்பாளின் கயிற்றைக் கொளுக்கியில் மாட்டி, ஒரு இழுவையில் கழற்றக்கூடியதாக முடிய வேண்டும். சோதனைச் சாவடியில் ஆமிக்காரனை வெயிலில் காக்கவைத்தால் அவனுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் சந்தேகம் வரும் என்பது உன் கணக்கு. “நீ வாயத் திறக்காத மச்சான், நான் கதைக்கிறேன்” என்பாய். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த உன் சிங்களம் அவர்களுடையதைவிட வழுவழுப்பாக இருக்கும். என்னுடையது கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில், ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் கிளார்க் வேலை பார்த்துப் பொறுக்கிய சிங்களம்.

வண்டியின் சொந்தக் கொளுக்கிகள் உக்கி ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. நீ கயிற்றைக் கிடைத்த இடத்தில் எல்லாம் கட்டிச் சமாளித்தாய். ஒருநாள் கயிறு நழுவி, அம்மாவின் அலுமாரி காலிக்குப் போகும் பெரிய வீதியின் நடுவில் விழுந்து, கண்ணாடி சிதறியது. அம்மா உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டாய்.

அந்தக் கிழமையே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வெல்டிங் கடையில், பின்தட்டின் அடி விளிம்பு நீளத்துக்குப் புதுக் கொளுக்கிகளை ஒட்டுவித்தாய். மேலால் கறுப்புப் பெயின்ட் வேறு. எனக்குக் கொண்டுவந்து காட்டினாய். நானும் நல்லாயிருக்கிறது என்றேன். வாகனங்களில் குண்டு வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தமிழனுடைய கிழட்டு வண்டிக்கு அடியில் புது வெல்டிங்கும் காயாத பெயின்டும் எப்படித் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, சோதனைச் சாவடியில் ஒருவன் குனிந்து பார்த்தான். விரலால் தடவினான். விரல் கறுப்பானது.

உன் மனைவி என் கந்தோருக்கு டெலிபோன் எடுத்து அழுதார். தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, வண்டியையும் உன்னையும் பொலிஸில் வைத்திருக்கிறார்கள் என்றார். சனி, ஞாயிறு உள்ளே இருந்தவர்கள் திங்கட்கிழமை எந்த முகாமில் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. என் துரை, அந்த வழக்கறிஞர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “போம். ஆனா சொந்தம் கொண்டாட வேண்டாம். ஹயருக்குப் பிடிச்ச வாகனம், ஆளை அவ்வளவாத் தெரியாது எண்டு மட்டும் சொல்லும்.” நல்ல புத்திதான். பஸ்ஸில் போகும்போது அதைச் சிங்களத்தில் பாடமாக்கிக்கொண்டே போனேன்.

பொலிஸ் நிலையத்தில், சுவரோரம் போட்டிருந்த மர வாங்கில் நீ இருந்தாய். பெல்டையும் செருப்பையும் கழற்றிவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், தெரியாதவனைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பினாய். உன் புத்தியும் என் துரையின் புத்தியும் ஒன்றுதான். சார்ஜன்ட் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இவன் உனக்கு யார் என்று கேட்டான். பாடமாக்கியது எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“மகே யாளுவா” என்றேன். என் கூட்டாளி.

என் பெயரையும் விலாசத்தையும் அவன் எழுதிக்கொண்டான். தட்டை முழுதாக வெட்டிப் பார்க்கப்போகிறோம் என்றான். வெட்டினால் வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் உன் வீட்டில் அடுப்பில்லை. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டுமென்று வெல்டிங் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிங்களவர். சோற்றில் கை வைத்திருந்தார். அவருடைய மனைவி போகவேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு, வெட்டுகிற சாமான்களைத் திரீவீலரில் ஏற்றினார்.

“நான் ஒட்டினதை நானே வெட்டிக் காட்டுறேன், மாத்தயா” என்று சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொன்னார். பொலிஸ் முற்றத்தில் ஒவ்வொரு கொளுக்கியாக வெட்டினார். ஒவ்வொன்று விழும்போதும் ஒருவன் டோர்ச் லைட்டோடு கீழே படுத்துப் பார்த்தான். பழைய தகரமும் சேறும்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன்னை விட்டார்கள்.

திரும்பும்போது வண்டியை நீயே ஓட்டினாய். உங்கள் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் சொன்னாய்: “உன்ட சிங்களத்தக் கேட்டு அவனுக்கே பாவமாப் போச்சு, மச்சான்.”

அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போவாய். கடைக்காரர்கள் புதுச் சாமானை எடுத்துப் போட, நீ துருப்பிடித்தது வேண்டும் என்பாய். அவர்கள் உனக்கு மண்டை பிழை என்று நினைத்தார்கள். “புதுசு எங்களுக்குச் சரிவராது” என்று என்னிடம் தமிழில் சொன்னாய். கடைசியில், உடைக்கப்போட்ட ஒரு லொறியிலிருந்து கழற்றினோம். வெல்டிங் இல்லை, பழைய நட்டும் போல்ட்டும்தான். முடுக்கிய பிறகு நீ எரிந்த ஒயிலில் மண்ணைக் குழைத்து நட்டுகளில் பூசினாய். அதற்குப் பிறகு எந்தச் சாவடியிலும் யாரும் குனிந்து பார்த்துவிட்டு இரண்டாம்தரம் பார்க்கவில்லை.

இதையெல்லாம் உன் மகளிடம் சொன்னேன். என் கையிலிருந்த கொளுக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அப்ப நான் என்ன போடுறது, அங்கிள்?” என்றாள்.

“புதுசையே போடு, பிள்ளை. நல்லா மினுங்குறதாப் பார்த்துப் போடு” என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் உன் பக்கத்தில் இருந்தபோதும் கிரிக்கெட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் கதைத்தோம். நீ எனக்கு யார் என்பதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு பொலிஸ்காரனிடம்தான் சொன்னேன், அதுவும் சிங்களத்தில்.