பழைய பிக்கப்பின் அடிவயிறு

மார்ச் 3

என் தங்கை பெற்ற குருவிக்கு மாமா எழுதுவது,

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். அந்த ஓட்டை வேன் மலை ஏற்றத்தில் ஒருநாள் பின்னால் உருளும் என்று போன வருஷமே சொன்னேனா இல்லையா? எந்த வளைவில் என்றுகூடச் சொன்னேன். நீ மறந்திருப்பாய். உன் அத்தையும் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்கிறாள். சொன்னவனுக்கு நினைவிருக்கிறது, அது போதும்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். தண்ணீர்த் தொட்டி நிறைய, மாப்பிள்ளை பக்கத்தில் உன் மகள் சின்னவள், கிளட்ச் வழுக்கி வண்டி பின்னால் போக, மண்மேட்டில் மோதவிட்டு நிறுத்தினார் என்று எழுதியிருந்தாய். மூன்றாம் தரம் படிக்கும்போது உன் அத்தை, "ஏன் கடுதாசி இப்படி ஆடுது?" என்றாள். "ஃபேன் காத்து" என்றேன். ஃபேன் ஓடவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள்.

பயப்படாதே. முப்பது வருஷம் லாரி ஷெட்டில் லோடு சரிபார்த்தவன் நான். முதலாளி வண்டி வாங்கும்முன் என் மூஞ்சியைத்தான் பார்ப்பார். ஒருமுறை சாதாரணமாகத் தும்மினேன், மூன்று லாரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து என்ன வண்டி என்று பார்த்து வைத்திருக்கிறாய்? எழுது. போனில் பேசினால் "தண்ணி நிரம்பிடுச்சு மாமா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

எல்லாம் அறிந்த உன் மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமா,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அவருக்குத் தோள்பட்டை வலி போகவில்லை. சின்னவள் வண்டி என்றாலே என் கையை இறுக்கிக்கொள்கிறாள், நகம் பதிகிறது. எட்டு வயதில் இவளுக்கு "ஏத்தம் இருக்கா? ஏத்தம் இருக்கா?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

இரண்டு டீசல் பிக்கப் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் மேலே கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு நடை தண்ணீர். அப்புறம் அதே வண்டியில் சின்னவள் பள்ளிக்கூடம், கடை கண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம்.

இங்கே ஷோரூமில் நிற்பது மூன்று வருஷ வண்டி. பின்சீட்டு உண்டு, ஏர்பேக் உண்டு, சறுக்காத பிரேக் உண்டு. ஏற்றத்தில் காலை எடுத்தாலும் கொஞ்ச நேரம் தானாகப் பிடித்துக்கொள்ளுமாம். ஆனால் புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. நீண்ட தூரம் ஓட்டினால்தான் அதில் படியும் கரி எரியும். எங்களைப் போல ஐந்து கிலோமீட்டர் போய் அணைத்து, ஐந்து கிலோமீட்டர் வந்து அணைத்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் விளக்கு எரியும், இன்ஜின் தானாக இழுவையைக் குறைத்துக்கொள்ளும். நடு ஏற்றத்தில், முழுத் தொட்டியோடு, பின்னால் ஜல்லி லாரி வரும்போது குறைத்தால்?

இன்னொன்று பதினெட்டு வருஷப் பழசு. சென்சார் கிடையாது, ஃபில்டர் கிடையாது, எந்த மூலையிலும் பழுது பார்க்கலாம். இழுவைக்கு யானை என்கிறார் அவர். ஆனால் ஏர்பேக் இல்லை. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அந்தச் சேஸிஸ், துருப்பிடித்திருந்தால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். அது உங்கள் ஊர் தரகர் யார்டில் நிற்கிறது. மாமா, நீங்கள் போய் வண்டிக்கு அடியில் படுத்து, சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் நல்லது என்றால் பழசு. இல்லையென்றால் புதுசு. அவரும் அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டார்.

இந்த ஒரு தடவை மட்டும் கதை வேண்டாம் மாமா. உள்ளது உள்ளபடி.

குருவி


மார்ச் 17

குருவிக்கு,

கதையா? நானா? உன் அத்தையிடம் இந்த வரியைக் காட்டினேன். ஐந்து நிமிஷம் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போனேன். யார்டில் நாற்பது வண்டி நிற்கிறது, உன் வண்டி மட்டும் மாப்பிள்ளை மாதிரி தனியாக நிற்கிறது. முதலில் டயரை ஒரு உதை. பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பாதித் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை, ஊதுபத்தி அளவுகூட இல்லை. தரகர், "என்ன அண்ணே, ஒரு ரவுண்டு போலாமா?" என்றார். "ரவுண்டு கெடக்கட்டும்யா, முதல்ல அடிவயிறு" என்றேன்.

சாக்கை விரித்தேன், படுத்தேன். கையில் அரைக்கிலோ சுத்தியல். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை சாண் சாணாகத் தட்டினேன். டிங், டிங், டிங். உளுத்த இரும்பு தொப்பென்று கேட்கும். ஓரிடத்தில்கூடத் தொப் இல்லை. முக்கால் மணி நேரம். வெளியே வந்தபோது தரகருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த யார்டு போட்ட நாள்லேந்து இப்படிப் பாத்த ஆளில்லண்ணே" என்றார். பக்கத்து வண்டிக்கு வந்தவர்கள் எல்லாம், எங்கள் வண்டியையும் தட்டுங்கள் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள்.

தைரியமாக வாங்கு. புது வண்டி விளக்கு எரியும், மணி அடிக்கும், உன்னையே திட்டும். பழசு வாயைத் திறக்காமல் சுமக்கும்.

சேஸிஸுக்கு நான் பொறுப்பு.

உன் மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமா,

வண்டி வந்து பத்து நாளாகிறது. முதல் வாரம் ராஜா போல ஏறியது. சின்னவள்கூட ஏற்றத்தில் கண்ணைத் திறந்துகொண்டு வந்தாள். "மாமா தாத்தா தட்டின வண்டி" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டாள்.

இப்போது ஒன்று எழுதுகிறேன், என்னைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டாதீர்கள். மூன்று நாளாக லோடு ஏற்றியதும் டிரைவர் கதவு சரியாகச் சாத்தவில்லை. கீழ்ப்பக்கம் இடிக்கிறது. இறக்கியதும் சரியாகிவிடுகிறது. கேபினுக்கும் தொட்டி நிற்கும் பின்தட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டல்லவா, வெறும் வண்டியாக இருக்கும்போது அதில் மேலே என் நான்கு விரல் போகிறது. தொட்டி நிரம்பியதும் இரண்டு விரல்தான். நேற்று ஒன்றரை. அவரிடம் சொன்னால், "தெனம் வெரல விட்டு அளந்துக்கிட்டு நிக்காத, பழைய வண்டின்னா கொஞ்சம் முனகத்தான் செய்யும். மாமாவே அடியில படுத்துப் பாத்துட்டார்ல" என்கிறார். வளைவில் திரும்பும்போது அடியில் டொக்கென்று ஒரு சத்தம். அதற்கும், ஸ்பிரிங் புஷ் ரப்பர் தேய்ந்திருக்கும் என்கிறார்.

இங்கே மெக்கானிக் வெளியூர் போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். மேலே கான்கிரீட் வேலை, தண்ணீரை நிறுத்த முடியாது. பள்ளி விடுமுறை என்பதால் சின்னவளும் தினம் கூடப் போகிறாள், மாட்டேன் என்றால் அழுகிறாள். நீங்கள் தட்டியிருக்கிறீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கதவைச் சாத்துகிறேன். ஆனாலும் வண்டி திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

ஸ்பிரிங் புஷ்தானே மாமா?

குருவி


ஏப்ரல் 5

குருவி,

இதைத் தபாலில் போடவில்லை. உன் அத்தையும் நானும் மத்தியான பஸ்ஸில் கிளம்புகிறோம். நானே உன் கையில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன். படித்து முடிக்கும்வரை என்னைப் பேச விடாதே. பேசினால் என் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும்.

உன் கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. ஒன்றரை விரல் என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். லோடு சரிபார்ப்பவனுக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது தெரியும். சட்டம் நடுவில் உட்கார்ந்தால்தான் பின்தட்டு கேபினை நோக்கிச் சாயும். எங்கள் ஷெட்டில் ஒரு லாரி அப்படித்தான் இரண்டாக மடிந்தது. அது சமதரை, ஓட்டியவர் பிழைத்தார். உங்களுடையது மலை.

போன் செய்தேன். "ரெண்டு பேரும் இப்பத்தான் கெளம்பினாங்க மாமா" என்றாய். "நிறுத்தச் சொல்லு" என்று கத்தினேன். ஏன் என்று கேட்டாய். "நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு" என்பதைத் தவிர வேறு வரவில்லை. அவர்களைக் கூப்பிட நீ வைத்துவிட்டாய். மலைப்பாதையில் போன் எடுக்காது என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது நிமிஷம். சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உன் அத்தை என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நீ கூப்பிட்டாய். மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள், சின்னவள் கல்லின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள் என்றாய். மேலே போன் கிடைத்து நீ சொன்னதும் மாப்பிள்ளை அடியில் படுத்து, சட்டத்தின் கறுப்புப் பூச்சின் மேல் ஸ்க்ரூடிரைவரால் குத்தினாராம். பிடிவரை உள்ளே போய்விட்டதாம். இருவரும் நடந்தே இறங்குகிறார்கள் என்றாய். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சில் நான் செய்த காரியம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. நீ அழுதுகொண்டே, "நீங்க தட்டினப்ப நல்லாத்தானே மாமா இருந்துச்சு? அப்புறம் அந்தத் தரகர் வண்டிய மாத்தி அனுப்பிட்டாரா?" என்று கேட்டாய். நான், "அதேதான். மாத்திட்டான் படுபாவி" என்றேன். கூசவே இல்லை. மாப்பிள்ளை நாளைக்கே ஆள் கூட்டிக்கொண்டு போய் அவரை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறார் என்றாய். அதற்கும் "விடாதீங்க" என்றேன். போனை வைத்த பிறகு உன் அத்தை கேட்டாள்: "அன்னைக்கு யார்டுக்குப் போயிட்டு வந்தப்ப உங்க சட்டை முதுகுல ஒரு தூசிகூட இல்லையே, எப்படி?"

தரகரை ஒன்றும் செய்யாதீர்கள். புதிதாகக் கறுப்புப் பூசி வைத்தது அவர் குற்றம். வண்டியை அவர் மாற்றவில்லை.

ஷெட்டில் ஒரு கிளீனர் இருந்தார். என் வயதுதான். எனக்காக ஒரு லாரிக்கு அடியில் போனார், லோடு தாங்கும் ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறதா என்று நான்தான் பார்க்கச் சொன்னேன். ஜாக்கி வழுக்கிவிட்டது. அவர் காலணி மட்டும் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக நான் எந்த வண்டிக்கு அடியிலும் போனதில்லை. குனிந்தாலே நெஞ்சு அடைக்கும். இதை உன் அத்தையிடமும் சொன்னதில்லை. எல்லா வண்டியையும் தெரிந்தவன் போல மேலே நின்று பேசியே ஓட்டிவிட்டேன்.

அன்று யார்டில் சாக்கை விரித்தது உண்மை. அதன் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தரகர், "படுக்கலையாண்ணே?" என்றார். "தெரியுதுல்ல, பளபளன்னு" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

நான் படுக்கவில்லை, குருவி. சுத்தியல் கொண்டுபோகவே இல்லை. அந்த டிங் டிங் சத்தம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நான் எழுதியது.

மாமா