எண்பட்டைக் குமுதம் வெளியே வந்துவிட்டது

என் பங்காளி கதிருக்கு,

உன் பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாம் இப்போது உன் பேச்சைத்தான் பேசுகிறார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவிநாசிக்குப் பக்கத்தில் நம் குலதெய்வக் கோயிலில் ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போடுவது வழக்கம். போட்டுப் போட்டு, கருவறையைத் தாங்கும் கல்வரிசைகளில் பாதி புதைந்துபோனது. மழை பெய்தால் தண்ணீர் அம்மன் காலடிக்கே வரும். அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகியின் வாய் தரையில் முட்டிக்கொண்டிருந்தது. சிவில் படித்தவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "லெவல் தப்புங்க, ஒடைங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. நீ மட்டும் ஒவ்வொரு கல்வரிசைக்கும் பெயர் எழுதி வரைபடம் போட்டாய். அதை முடித்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாய்.

இந்த முறையும் கிரானைட் லாரி வந்து நின்றது. உன் வரைபடத்தைக் கோயில் சுவரில் ஒட்டினேன். தர்மகர்த்தா விரல் வைத்துப் படித்தார். தரைக்கு மேலே தெரிந்த பட்டிகை, கண்டம் என்ற இரண்டு வரிசைகளையும் கல்லில் தொட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இந்த எண்பட்டைக் குமுதம் எங்க?"

"அது மேலதானுங்க நிக்கறீங்க."

"ஜகதி?"

"அதுக்கும் கீழங்க. அதுக்கும் கீழ உபானம்."

அவர் காலை நகர்த்திக்கொண்டார். "ஒடைச்சுப் பாத்து ஒண்ணுமில்லாட்டி?"

"நானே தளம் போட்டுத் தாரேனுங்க."

எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. நீயும் அதைப் பார்த்தவன் இல்லையே. வெளியே தெரிந்த கல்லின் அளவை வைத்துத்தானே வரைந்தாய்?

உடைத்தோம். குமுதம் வந்தது. எண்கோணமாகச் செதுக்கிய பட்டைகள், உளி பட்ட ஓரம் மழுங்காமல். அதன் கீழே ஜகதி, உபானம். நீ போட்ட அளவில் ஒரு விரல்கடை கூடத் தப்பவில்லை. தர்மகர்த்தா லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். சுற்றிலும் இருந்த தளத்தை முழுக்கப் பெயர்த்தெடுத்தோம். உருண்டைக் குமுதம் இல்லை, எண்பட்டை என்று எதை வைத்துச் சொன்னாய்? அதை மட்டும் சொல்லாமல் போய்விட்டாயே.

போன வாரம் நல்ல மழை. கருவறைக்குள் ஒரு சொட்டு இல்லை. சுற்றிவந்த ஒரு பெண் குமுதத்தின் மேல் விளக்கு வைக்கப் போனாள். உன் அம்மா விடவில்லை. "அம்மணி, அது குமுதம். எம்பையன் எழுதி வெச்சிருக்கான் பாரு. வெளக்க அந்தப் பக்கம் வெய்யி."

பெரியம்மா அதைச் சொன்னபோது நிமிர்ந்து நின்றார்கள், கதிர். நானும்தான்.

இனி எந்தக் கும்பாபிஷேகத்துக்காவது கலவை மிஷின் அந்த வாசலுக்கு வந்தால், முன்னால் நான் நிற்பேன். உபானத்தின் மேல் ஒரு சட்டி சிமெண்ட் விழாது.

உன் சித்தப்பா மகன்,
மோகன்