குழலை அறுத்த கை

உத்தமபாளையம்
9.2.2025

அன்புத் தங்கை சங்கிலியம்மாளுக்கு அண்ணன் ராஜமணி எழுதுவது.

இங்கே என் முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சௌக்கியம். ஜனவரியோடு போலீஸ் வேலை முடிந்தது. ஆயுதக் கிடங்கின் சாவியை ஒப்படைத்துவிட்டு மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தேன். ஊரெல்லாம் வந்திருந்தது, உடன்பிறந்தவளைத்தான் காணோம். போன் செய்தால் போக மாட்டேன் என்கிறது. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று உன் மகள் சிம்ரன்தான் சொன்னாள்.

அவளுக்கு வைகாசியில் கல்யாணம் என்பதை யாரோ சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இருப்பது ஒரே தாய்மாமன். பட்டும் மாலையும் சீர்த்தட்டுமாக உறுமி மேளத்தோடு வருவேன். தேவாரம் ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும். உன் புருஷன் மலைச்சாமி மாப்பிள்ளையின் கேஸை நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. அது தானாக நீர்த்துப் போய்விடும்.

உன் அன்பு அண்ணன்,
ராஜமணி


தேவாரம்
16.2.2025

அண்ணனுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். அதனால்தான் பிளாக் செய்தேன்.

கேஸ் நீர்த்துப் போகுமா? உன் மாப்பிள்ளை ஜாமீனில் வந்து தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார். பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ரைபிள் அது. ஆயுத பூஜைக்குக் குழல் வாயில் அப்பிய சந்தனம் உள்ளே இறுகிப் போயிருந்தது. பார்க்காமல் சுட்டார், நுனி பிளந்துவிட்டது. நீ வந்து என்ன சொன்னாய்? "ஏலே மாப்ளே, இதுக்கா இந்த முழி முழிக்கிற? இஷாப்பூர் பேக்டரில செஞ்ச மிலிட்டரி ரைபிளையே குழலக் குறைச்சு, கார்பைன்னு குட்டத் துப்பாக்கியா ஆக்கிருக்காக. எங்க கிடங்குல கெடக்கு, தெனமும் தொடைக்கிறேன். அதே மாதிரி பண்ணித் தாரேன்" என்றாய். நீயே அறுத்தாய். நீயே அரம் போட்டு வாயை மழுக்கினாய். பார்க்க கம்பெனி கார்பைன் போலத்தான் இருந்தது. சர்க்கார் குறைத்தால் கார்பைன், நாம் குறைத்தால் குற்றம் என்பது போலீஸ்காரன் உனக்குத் தெரியாதா?

எம்.பி. தேர்தல் வந்ததும் எல்லாரையும் போல ரைபிளை ஒப்படைக்கப் போனார். குழல் குட்டையாக இருக்கிறதே என்று அங்கேயே பிடித்து வைத்தார்கள். கிடங்கில் துப்பாக்கி பார்க்கிறவன் என்று, பரிசோதிக்க உன்னிடமே அது வந்தது. உறவு என்று வாய் திறக்காமல், கைதேராத எவனோ அறுத்திருக்கிறான் என்று எழுதிக் கொடுத்தாய். நான் வந்து அழுததற்கு, "ரிட்டயர் ஆகட்டும் ஆத்தா, நானே கோர்ட்ல சொல்லிர்றேன்" என்றாய். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டாய்.

அவருக்கு ஏழு வருஷம் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறார் வக்கீலம்மா இவாஞ்சலின். அறுத்தவர் வந்து சொன்னால் மீட்டுவிடலாமாம். வந்து சொல். சொல்லாத வரை உன் சீர் என் வாசலைத் தாண்டாது.

சங்கிலி


உத்தமபாளையம்
2.3.2025

அன்புத் தங்கைக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். நானும் கேட்கிறேன், குழலுக்குள் சந்தனத்தை அப்பியது யார்? நீதானே? உன் புருஷன் என்று பாசத்தில்தான் நான் கை வைத்தேன். அந்தப் பாசத்துக்கு இந்த வயதில் நான் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? எங்கள் போலீஸ் பிடித்துப் போட்டவர்கள் நடுவே நான் போய்ப் படுக்க முடியுமா? பென்ஷனும் போகும், பேரும் போகும். மாப்பிள்ளைக்கு என்ன, விவசாயி. ஜட்ஜ் இரக்கம் காட்டுவார்.

தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடத்திப் பார். சம்பந்தி வீட்டார் உன்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். யோசித்து எழுது.

அண்ணன்,
ராஜமணி


தேவாரம்
14.5.2025

என் பாசமுள்ள அண்ணனுக்கு,

வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய் அக்கினிச் சட்டி எடுத்துவிட்டு வந்தேன். மனம் தெளிந்துவிட்டது. நீ சொன்னது சரிதான், மாமன் மாலை விழாமல் சிம்ரனை எப்படி அனுப்புவது? பத்திரிகையில் உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன்.

தனியாக வராதே. சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வா. மேளத்தை நன்றாக அடிக்கச் சொல். மண்டப வாசலில் நானே ஆரத்தி எடுத்து உன்னை உள்ளே அழைக்கிறேன். மூட்டுவலிக்கு நொச்சி ஒத்தடம் கொடு, கல்யாணத்தன்று நிற்க வேண்டியிருக்கும்.

உன் தங்கச்சி,
சங்கிலி


உத்தமபாளையம்
15.6.2025

தங்கச்சிக்கு,

நீ இப்படிச் செய்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மேளமும் தட்டுமாக வாசலில் வந்து நிற்கிறேன். நீ ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், சுற்றவே இல்லை. மேளத்தை நிறுத்தச் சொன்னாய். "அந்தக் குழல அறுத்தது யாருண்ணே? சொல்லிட்டு உள்ள வா" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். ஆரத்தி சுற்றாமல் எந்த அண்ணன் படி ஏறுவான்? பின்னால் சொந்தமெல்லாம் வெயிலில் நிற்கிறது. மணக்கோலத்தில் சிம்ரனும் வந்து உன் பக்கத்தில் நின்றுகொண்டு, "முகூர்த்தம் போகுது மாமா, சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அத்தனை பேர் காதுபட, நான்தான் அறுத்தேன் என்று சொன்னேன்.

உடனே ஆரத்தி சுற்றினாய், பொட்டு வைத்தாய், மணையில் உட்காரவைத்தாய். தங்கச்சி மன்னித்துவிட்டாள் என்று நினைத்துச் சாப்பிடும்போதுகூட அழுதேன்.

நேற்று கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. வாசலில் யாரோ வீடியோ எடுத்தார்களாம். என் பின்னால் சீர்த்தட்டு தூக்கி வந்தவர்களே எனக்கு எதிராகச் சாட்சி சொல்வார்களாம். வக்கீலம்மாவிடம் ஒரு வார்த்தை சொல், சங்கிலி. நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் கேட்கிறேன்.

அண்ணன்


தேவாரம்
21.6.2025

ராஜமணி அவர்களுக்கு,

வீடியோ எடுத்தது வக்கீலம்மா. அவர் விருந்து சாப்பிட வந்தவர் இல்லை, நான் வரச் சொல்லி வந்தவர்.

மணை கொடுத்தது சிம்ரனுக்காக. மாலை போட ஒரு தாய்மாமன் வேண்டியிருந்தது, போட்டீர்கள், அவள் நல்லபடியாகப் போய்விட்டாள். சீர்த்தட்டில் வந்த பட்டும் பாத்திரமும் அவளோடு போய்விட்டன. என்னிடம் உங்களுடையது எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் கடைசிவரை தடுத்தார். "வேணாம் ஆத்தா, ஒங்க அண்ணன்ல. சபையில வச்சுக் கேவலப்படுத்தாத" என்றார். ஏழு வருஷம் உள்ளே போக இருந்தவர் சொன்னது இது. அவர் நல்லவர். நான் அப்படி இல்லை.

சம்மனில் உள்ள தேதிக்கு வந்துவிடுங்கள். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது அழமாட்டேன். இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மலைச்சாமியின் மனைவி